கட்டணமில்லாத இடங்களுக்கும் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விடுமுறைச் சிறப்பிதழில் குடும்பத்தோடு போகும் இடங்களைப் பற்றி வந்த பக்கங்களைப் படித்தேன். நீர் விளையாட்டுப் பூங்கா, செயற்கைப் பனி அரங்கு, கண்ணாடிக் குகைக்குள் மீன் காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வண்ணப் படம், திறக்கும் நேரம், போகும் வழி எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கட்டம், 'செலவில்லாமல் போக' என்று. அதற்குள் அருங்காட்சியகம், பூங்கா, நூலகம், கடற்கரை என நான்கே சொற்கள். எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை மணிக்கு மூடுவார்கள், உள்ளே கழிப்பறை உண்டா என்று எதுவும் இல்லை. பணம் கட்டிப் போகிற இடங்களுக்குக் கொடுத்த அதே அக்கறையை இந்த இடங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லாத ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கூட உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வழி சொல்வது, 'தொடாதீங்க' என்று சொல்வது, கூட்டத்தில் பிரிந்த குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பது, மாலையில் கதவு மூடியதும் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, இவைதான் என் வேலை. துடைக்கும்போது கண்ணாடியில் இரண்டு உயரங்களில் தடம் தெரியும். மேலே, பெரியவர்கள் சுட்டிக் காட்டிய விரல் தடம். கீழே, என் இடுப்பு உயரத்தில், குழந்தைகள் மூக்கை வைத்து அழுத்திய தடமும் அதற்கு இரு பக்கமும் சின்ன உள்ளங்கைகளும். எந்தப் பெட்டியில் மூக்குத் தடம் அதிகமோ, அதுதான் அன்றைக்குக் குழந்தைகள் நின்று பார்த்த பொருள். நுழைந்ததும் எதிரே நிற்கும் யானையின் எலும்புக்கூட்டை எல்லாரும் படம் எடுப்பார்கள். ஆனால் நான் அதிகம் துடைத்தது உள் அறையின் மூலையில் இருந்த மலைப்பாம்பு எலும்புக்கூட்டுப் பெட்டியைத்தான். முள்ளெலும்பும் விலா எலும்பும் முடிவில்லாமல் வளைந்து வளைந்து போகும். அதைக் கடைசிவரை எண்ணிவிட வேண்டும் என்று முயலாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

வாசலில் வேறு ஒரு காட்சி. குடும்பமாக வருவார்கள், படியில் நின்றுவிடுவார்கள். அப்பா தலைகளை எண்ணுவார், விலைப் பலகை எங்கே என்று சுவரில் தேடுவார். பலகை இல்லை என்றால் நிம்மதி வராது, சந்தேகம்தான் வரும்: உள்ளே போன பிறகு கேட்பார்களோ, பிள்ளைகள் முன்னால் திருப்பி அனுப்புவார்களோ என்று. சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். நான் படியிறங்கிப் போய், 'வாங்க, டிக்கெட் கிடையாது, படம் எடுக்கவும் காசு கிடையாது' என்று கூப்பிடுவேன். உள்ளே வந்த பிறகும் அந்த அம்மா முதல் அறையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். இரண்டாவது அறைக்குப் போகும்போதுதான் தோள் இறங்கும், பிள்ளையின் கையை விடுவார். ஒரு செய்தித்தாளில் 'இங்கே யாரும் வரலாம், பணம் வேண்டாம்' என்று இரண்டு வரி தெளிவாக வந்தால் அந்தப் படியைத் தாண்டுவது எத்தனை பேருக்கு எளிதாகும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டணமில்லாத இடத்தைப் பணம் இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று நினைக்கிறோம். உங்கள் பக்க அமைப்பிலும் அந்த நினைப்புதான் தெரிகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த இடங்கள் பல விதத்தில் கட்டண இடங்களைவிட மேலானவை என்பதே என் அனுபவம். காரணம் ஒன்றுதான்: அங்கிருந்து அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிடலாம்.

எங்கள் கட்டடத்தின் மாடியில் அவ்வப்போது கட்டணச் சிறப்புக் கண்காட்சி நடக்கும். கீழே வழக்கமான இலவச அறைகள். ஒரே மாதிரிக் குடும்பங்கள்தான் இரண்டுக்கும் வரும். மாடியில் ஒரு பெண் குழந்தை ஒரு மண்டையோட்டின் முன் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும். 'பார்த்தாச்சுல்ல, வா, இன்னும் மூணு அறை இருக்கு' என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் அது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நான்கைந்து பேருக்குச் சீட்டு வாங்கியவருக்கு அந்தப் பதற்றம் வரத்தான் செய்யும். கீழ்த்தளத்தில் அது கிடையாது. ஒரு தாத்தாவும் பேரனும் அடிக்கடி வருவார்கள். நேராக மலைப்பாம்புப் பெட்டிக்குப் போவார்கள். பையன் எண்ணுவான், பாதியில் கணக்குத் தவறும், மறுபடி ஆரம்பிப்பான். அப்புறம் இருவரும் பக்கத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். யானையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பையனுக்கு அந்த அருங்காட்சியகம் என்றால் அந்த ஒரு பெட்டிதான். வளர வளர ஒவ்வொரு பெட்டியாக அவன் எல்லையை விரித்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

மூன்று வயதுக் குழந்தை வாசலிலேயே அழ ஆரம்பித்தால் திரும்பிப் போகலாம், நாளைக்கு வரலாம். மழை வந்தால் நுழையலாம், விட்டதும் கிளம்பலாம். ஒருவர் அறையைப் பார்க்க, இன்னொருவர் வெளியே புறாவைத் துரத்தும் சின்னவனோடு நிற்கலாம். நுழைவுச் சீட்டு இருந்தால் இவை எல்லாம் நஷ்டம். இல்லாத இடத்தில் இவைதான் வழக்கம்.

இப்படிப்பட்ட இடங்கள் தானாக வந்துவிடவில்லை. கொழும்பின் காலிமுகத் திடலில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. 1856ல் ஆளுநர் ஹென்றி வார்டு தொடங்கி 1859ல் முடித்த அந்தக் கடலோர நடைபாதையை, கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலனுக்காகத் தமக்குப் பின் வருகிறவர்கள் பேண வேண்டும் என்று அதில் பரிந்துரைத்திருக்கிறார்கள். குடும்பங்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அதைக் கல்லிலும் எழுதி வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சென்னை மெரினாவின் நடைபாதை 1884ல் கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது அமைந்தது. இங்கிலாந்தின் பர்கன்ஹெட் பூங்கா பொதுப்பணத்தில் உருவாகி 1847ல் திறக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து அதைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கர், ஏழை பணக்காரர் வித்தியாசமில்லாமல் எல்லாரும் அங்கே உலாவுவதைக் கண்டு வியந்து எழுதினார். அவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். பிறகு கால்வெர்ட் வாக்ஸோடு சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர் அவர்தான். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் அனைத்துக்கும் கட்டணம் இல்லை, விலங்குக்காட்சி சாலைக்கும் இல்லை. அவற்றுக்கு விதை போட்ட ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் தம் வாழ்நாளில் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. 1829ல் இறந்த அவருடைய உயிலால் சேர்ந்த சொத்தைக் கொண்டு, 1846ல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது.

கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759ல் திறந்தபோதே கட்டணம் இல்லை. அதே நகரத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமோ 1987ல் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. பிறகு அரசு மனம் மாறியது. தேசிய அருங்காட்சியகங்களில் 1999ல் குழந்தைகளுக்கும், அடுத்த வருடம் முதியவர்களுக்கும், 2001 டிசம்பரில் எல்லாருக்கும் கட்டணம் நீங்கியது. முன்பு கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த அருங்காட்சியகங்களுக்கு வந்த கூட்டம் அடுத்த பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. இன்று அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் 25 மீட்டர் நீள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, தலைகீழாகப் பாய்வதுபோல் கூரையிலிருந்து தொங்குகிறது. 1891ல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. அதன் கீழே தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கும் குழந்தைகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மலைப்பாம்புப் பெட்டிதான் என் நினைவுக்கு வரும்.

ஆனால் கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் ஓர் இடம் குடும்பத்துக்கு ஏற்றதாகிவிடாது. பெஞ்சு வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு குடும்பத்தில் பாட்டி இருப்பார், கர்ப்பிணி இருப்பார், தூங்கிப் போன குழந்தையைத் தோளில் சுமப்பவர் இருப்பார். உட்கார இடமில்லாத கூடத்தில் பாட்டிகள் வாசலிலேயே பைகளுக்குக் காவலாக நின்றுவிடுவார்கள். 'நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்' என்ற அந்தக் குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அறைக்கு ஒரு பெஞ்சு போட்ட பிறகு அதே பாட்டிகள் உள்ளே வந்தார்கள், வந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே இதை எழுதினார். பெட்டிகளை எட்டிப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, மண்டியிட வேண்டியிருக்கிறது என்று வரிசையாகப் படம் பிடித்துக் காட்டி, பார்வையாளர்கள் களைத்துப் போவதற்குக் காட்சி அமைப்பே ஒரு காரணம் என்றார். பெரியவருக்கே அந்த நிலை என்றால், பெட்டியின் விளிம்பு நெற்றியில் இடிக்கிற உயரத்தில் இருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

நேரமும் வேண்டும். வேலைக்குப் போகிற பெற்றோர் வீடு திரும்பும் முன்பே கதவை மூடிவிடும் இடம் வார நாட்களில் யாருக்குத் திறந்திருக்கிறது? இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் லண்டன் அருங்காட்சியகம் 1857ல் சவுத் கென்சிங்டனில் தொடங்கியபோது, அதன் இயக்குநர் ஹென்றி கோல் காட்சிக்கூடங்களில் எரிவாயு விளக்குகளை ஏற்ற வைத்தார். உழைக்கும் மக்கள் வேலை முடிந்து மாலையில் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. மின்விளக்கு இல்லாத காலத்தில் முடிந்தது, இன்று வாரத்தில் ஒரு நாளாவது முடியாதா? சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. 1859ல் தொடங்கி, 2015ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பூங்காவுக்குள் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். பூங்காவுக்குள்ளேயே குழந்தைகளுக்கென்று ஒரு தனித் தோட்டமும் உண்டு. பெரியவர்கள் தனியாகப் போனால் அனுமதி இல்லை, ஒரு குழந்தை அவர்களை அழைத்து வந்திருக்க வேண்டும். இந்த விதியை யோசித்தவரை நேரில் பார்த்தால் கை கூப்புவேன்.

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் அதைப் பற்றியே நிறையச் சொல்லிவிட்டேன். நகரத்தில் வேறு எவ்வளவோ இருக்கிறது. குழந்தைகளுக்குப் பயணமே ஒரு காட்சி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகுக்கு 1997லிருந்து கட்டணம் இல்லை. சுமார் 25 நிமிடப் பயணத்தில் சுதந்திர தேவி சிலை கண்ணெதிரே கடந்து போகும். அலுவலகம் போகிறவர்கள் கண்ணை மூடித் தூங்கும் அதே படகில், குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மெல்பர்னின் நடுநகரைச் சுற்றிவரும் டிராமில் 1994லிருந்து இலவசமாக ஏறலாம். லக்சம்பர்க்கில் 2020லிருந்து நாடு முழுவதும், ரயிலின் முதல் வகுப்பு தவிர, பேருந்து, டிராம், ரயில் எல்லாமே அப்படித்தான். இந்த வசதி இல்லாத நகரத்திலும் ஒரு பாலத்தின் மேல் நின்று ரயில் பெட்டிகளை எண்ணலாம், துறைமுகத்தை ஒட்டிய பொது நடைபாதையிலிருந்து கப்பலில் சரக்குப் பெட்டி ஏறுவதைப் பார்க்கலாம். பளு தூக்கும் கிரேன் வேலை செய்யும் இடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நின்ற அளவுக்கு எந்தக் கேளிக்கைப் பூங்காவிலும் நின்றதில்லை.

நூலகத்தின் சிறுவர் பகுதியைப் பலரும் பாடப் புத்தகத்தோடு சேர்த்து நினைப்பதால் விடுமுறையில் அந்தப் பக்கம் போவதில்லை. ஹெல்சின்கியில் 2018ல், நாடாளுமன்றத்துக்கு எதிரிலேயே, ஊடி என்ற பெரிய நூலகத்தைத் திறந்தார்கள். அங்கே குழந்தைகள் ஓடலாம், தரையில் படுத்துப் படிக்கலாம், சத்தமாகச் சிரிக்கலாம். கதை சொல்லும் நேரம் என்று ஒன்றைப் பல ஊர் நூலகங்கள் வைத்திருக்கின்றன. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்றாலும், உட்கார்ந்து படிக்கவும் கதை கேட்கவும் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை.

வருடத்தில் ஒரு முறை மட்டும் திறக்கும் கதவுகளும் உண்டு. வழக்கமாகப் பொதுமக்கள் நுழைய முடியாத அரசு மாளிகைகளையும் பழைய கட்டடங்களையும் பிரான்சில் 1984லிருந்து செப்டம்பரின் மூன்றாவது வார இறுதியில் திறந்து விடுகிறார்கள். லண்டனில் அது 1992ல் தொடங்கியது. இந்தியத் தொல்லியல் துறை ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தில் தன் நினைவுச் சின்னங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது வழக்கம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே எந்த நாளிலும் கட்டணம் இல்லை. இத்தகைய நாட்களை ஒரு வாரம் முன்னதாக நீங்கள் அச்சிட்டால்தான் குடும்பங்கள் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். மறுநாள் 'மக்கள் கூட்டம் அலைமோதியது' என்று படத்தோடு செய்தி வெளியாவதால் யாருக்கும் பயனில்லை.

இரவு வானத்தையும் விட்டுவிடக் கூடாது. பல நகரங்களில் வானியல் ஆர்வலர் குழுக்கள் மாதத்துக்கு ஒரு மாலையாவது பொது இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகின்றன. சனியின் வளையத்தையும், கலிலியோ 1610ல் பார்த்த வியாழனின் நான்கு நிலவுகளையும் சின்னத் தொலைநோக்கியிலேயே பார்த்துவிடலாம். ஜான் டாப்சன் என்பவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வேதாந்த மடங்களில் 23 வருடம் துறவியாக இருந்தவர். வேண்டாம் என்று எறிந்த பொருட்களிலிருந்து பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, தெருவோரத்தில் நிறுத்தி, போகிறவர்கள் வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டியவர். மடத்தை விட்டு வந்த பிறகு, 1968ல், நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கி வாழ்நாள் முழுக்க அதையே செய்தார். முன்பின் தெரியாத ஒருவரை 'வாங்க, பாருங்க' என்று கூப்பிடுவதன் அருமை எனக்குத் தெரியும் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி, பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்கு வேலை அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். இவற்றையும் அச்சிட்டால் நன்றி உடையவளாவேன்.

காலையில் திறந்ததும் போய்விடுங்கள். பள்ளிகள் அழைத்துவரும் குழுக்கள் வருவதற்கு முன் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். எல்லா அறையையும் பார்க்க நினைக்காதீர்கள், ஒன்றோ இரண்டோ போதும். விளக்க அட்டையை வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டாம். 'கொம்பு உள்ளது எத்தனை இருக்கு கண்டுபிடி', 'இதில் எது ராத்திரி விழித்திருக்கும்?' என்று ஒரு தேடலைக் கொடுத்தால் போதும், குழந்தை மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும். குழந்தை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அங்கே நிற்கும் ஊழியரைக் கேளுங்கள். நாங்கள் நாள் முழுக்க 'தொடாதீங்க' என்று சொல்லிச் சொல்லியே களைத்தவர்கள். கேள்வி கேட்டால் எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். பல காட்சிக்கூடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சிலுக்கு உண்டு. கைப்பேசியில் எடுக்கும் படம் ஒரு நொடியில் முடிந்துவிடும். வரைய உட்கார்ந்த குழந்தை ஒரே பொருளைக் கால் மணி நேரம் பார்க்கும்.

பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒரு மரத்தைக் குழந்தையின் மரமாக வைத்துக்கொள்ளலாம். போகும்போதெல்லாம் முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போவது. இலை உதிர்வதும் துளிர்ப்பதும், பட்டை உரிவதும், எறும்பு வரிசை இடம் மாறுவதும் அந்த ஒரு மரத்திலேயே தெரியும். அடிக்கடி போகக்கூடிய இடத்தில்தான் இது நடக்கும்.

அப்புறம், கூட்டத்தில் குழந்தை பிரிந்து போவது. நாங்கள் அடையாளம் கேட்டதும் பெற்றோருக்குப் பதற்றத்தில் குழந்தை போட்டிருந்த சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. அதனால் வாசலிலேயே குழந்தையை நிற்கவைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எங்கள் சீருடையைக் காட்டி, 'அம்மாவைக் காணோம்னா இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போய் நில்லு' என்று சொல்லிவையுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் உங்கள் தொலைபேசி எண்ணை அதன் முன்கையில் எழுதிவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. ஒரு குடும்பத்தின் அன்றைய நாளை அது காப்பாற்றிவிடும்.

நுழைவு இலவசம் என்றாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டி நிறுத்தத்துக்கும் பை வைக்கும் அறைக்கும் பணம் கேட்கலாம். பணம் இல்லாவிட்டாலும் முன்பதிவு கட்டாயமாக இருக்கலாம். வாஷிங்டனின் விமான, விண்வெளி அருங்காட்சியகம் 2022ல் மீண்டும் திறந்தபோது நேரம் குறித்த இலவச அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்தது. வார விடுமுறை ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த இடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். பூட்டிய கதவின் முன் நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது. சில ஊர்களில் குறிப்பிட்ட நாளில் மட்டும் கட்டணம் கிடையாது. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு, வத்திக்கானில் கடைசி ஞாயிறு. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் நாள்தோறும் மூடுவதற்கு முந்தைய 2 மணி நேரம். அந்த நேரங்களில் வரிசை நீளும். கைக்குழந்தையோடு அந்த வரிசையில் நிற்பதற்குப் பதில், எந்த நாளும் கட்டணம் இல்லாத சிறிய இடத்துக்குப் போவதே நல்லது என்பேன். பெரிய பெயர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஆசை பெரியவர்களுடையது. குழந்தைக்குப் படிக்கட்டும் புறாவும் இருந்தாலே போதும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் அடுத்த சிறப்பிதழில், அல்லது வாரம் ஒரு பத்தியாக, ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு போதும்: வார விடுமுறை எது, கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், முன்பதிவு வேண்டுமா, எந்தப் பேருந்து அல்லது ரயில் நிறுத்தத்தில் இறங்க வேண்டும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக சரிவுப் பாதை உண்டா, உட்கார இடம் எங்கே, குழந்தைகள் நின்று பார்க்கிற பொருள் எது. கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் இருக்கும் அதிகாரியைக் கேட்க வேண்டாம், கண்ணாடி துடைப்பவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். எழுதும் நிருபர் முடிந்தால் ஒரு குழந்தையையும் ஒரு முதியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

தொடக்கமாக, நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்கு மேற்சொன்ன விவரங்களையெல்லாம் எழுதி இத்துடன் ஒரு தாளில் இணைத்திருக்கிறேன். உங்கள் இட வசதிக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம். கழிப்பறையும் குடிநீரும் எந்தப் பக்கம் என்ற வரியை மட்டும் தயவுசெய்து அப்படியே வெளியிடுங்கள். வாசலில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது அதைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற காட்சிக்கூட உதவியாளர்